திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம்: வெளிநாட்டு மருமகளின் ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் உறவுகள் உண்டு. அந்த உறவுகளின் வழியாகச் சம்பந்தம் பேசி, அந்நாட்டுக் குடியுரிமை உள்ள பெண்ணை மருமகளாகக் கொண்டுவருவதும் நடக்கிறது. நிகாஹ் சிறப்பாக முடிந்து, விருந்தும் ஓய்ந்த பிறகுதான் ஆவணங்களைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. வீட்டுப் பெரியவர்கள், "இனிமேல் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து எழுதிவிடுவோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். திருமணப் பதிவு, விசா, ஆதார், வங்கி என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவரவருக்குத் தோன்றியபடி பெயர் எழுதப்படுகிறது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கையில் நான்கு ஆவணங்களும் நான்கு பெயர்களும் இருக்கின்றன. விசா நீட்டிப்பு நேரத்தில் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "இவர்கள் எல்லோரும் ஒருவர்தானா?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொண்டிருக்கும்போதே விசா காலாவதியாகிவிட்டால், அதன் பாதிப்பு அந்தப் பெண்ணோடு நிற்காது. பிறக்கப்போகும் குழந்தையின் குடியுரிமை வரை போகும். அதனால் இதில் சட்டம் என்ன சொல்கிறது, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது.

பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

திருமணமானதும் மனைவி கணவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே வெளிப்படையாக அறிவித்தார். அதற்கு முன் 2016 டிசம்பரில், பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்கும் நடைமுறையை வெளியுறவு அமைச்சகம் தளர்த்தியிருந்தது.

மார்க்க அடிப்படையிலும் அப்படியொரு கட்டாயம் இல்லை. பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற கட்டளை சூரா அஹ்ஸாபின் 5ஆம் வசனத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் துணைவியர் யாரும் திருமணத்துக்குப் பின் தந்தையின் பெயரை விட்டுவிடவில்லை. கதீஜா பின்த் குவைலித், ஆயிஷா பின்த் அபீபக்ர் என்றே அவர்களை இன்றும் அறிகிறோம். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் தந்தை ஹுயய் முஸ்லிம்களோடு பகை பாராட்டியவர். அப்படியிருந்தும் அவர்கள் ஸஃபிய்யா பின்த் ஹுயய் என்றே அறியப்பட்டார்கள். அடையாளத்துக்காக மட்டும் கணவர் பெயரைச் சேர்ப்பது வம்சத்தை மாற்றுவதாகாது என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அதையும் தவிர்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கட்டாயம் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

நம் பக்கத்து வழக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும். கல்யாணத்துக்குப் பின் அது கணவரின் இனிஷியலாக மாறும். ஊருக்குள் இதனால் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’, ‘கிவன் நேம்’ என்று இரண்டு கட்டங்கள் இருப்பதால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு வீட்டில் ‘பேகம்’ சர்நேம் ஆகிறது. இன்னொரு வீட்டில் தந்தை பெயர் ஆகிறது. மற்றொரு வீட்டில் அந்தக் கட்டம் காலியாகவே விடப்படுகிறது.

மலேசிய, சிங்கப்பூர் முஸ்லிம் பெண்களுக்கு ‘பிந்தி’, ‘பிந்தே’ என்று தந்தை பெயரோடு சேர்ந்தே பெயர் இருக்கும். நிகாஹுக்குப் பின் அதை மாற்றும் வழக்கம் அங்கே இல்லை. இலங்கை முஸ்லிம் பெண்கள் பலருக்குத் தந்தை பெயர் முன்னால் வந்து, சொந்தப் பெயர் பின்னால் வரும். இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் நம் வழக்கப்படி வெட்டி ஒட்டினால் ஆவணத்தில் வேறொரு பெண் உருவாகிவிடுவார்.

அடிப்படை விதி: பாஸ்போர்ட்டில் உள்ளதே பெயர்

வெளிநாட்டவர் ஒருவர் இந்தியாவில் தங்கியிருக்கும்வரை அவருக்குப் பெயர் என்பது அவருடைய நாட்டு பாஸ்போர்ட்டில் எழுதியிருப்பதுதான். விசா, வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் தரும் குடியிருப்பு அனுமதி, ஓசிஐ அட்டை எல்லாமே அதைப் பின்பற்றித்தான் வரும். மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து அனுமதி கொடுங்கள் என்று இங்குள்ள அலுவலகத்தில் கேட்பதில் பயனில்லை. பெயரை மாற்ற விரும்பினால் அந்தப் பெண்ணின் நாட்டு அரசிடம்தான் முதலில் போக வேண்டும். தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு கொடுத்துப் பெயர் மாற்றுவது நம் நாட்டுக் குடிமக்களுக்கான வழி. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள மருமகளுக்கு அது உதவாது.

சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகமும் மலேசியத் தூதரகமும் இருக்கின்றன. பெயர் மாற்றத்துக்கு என்ன ஆவணம் வேண்டும், புதிய பாஸ்போர்ட் வர எத்தனை நாளாகும், பழையதைத் திருப்பித் தருவார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் வாங்கிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

முதல் படி: திருமணப் பதிவு

மஹல்லா தஃப்தரில் எழுதப்படும் நிகாஹ் பதிவு மார்க்கப்படி போதுமானது. விசாவுக்கு அரசின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். எல்லா மதத்தாரின் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதையொட்டி வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 நம் நிகாஹுக்கும் பொருந்தும். நிகாஹ் நடந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மேலும் 60 நாட்கள் வரை தாமதக் கட்டணத்தோடு செய்யலாம்.

நிகாஹ் நடந்த இடம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்கலாம். வீடு அம்பத்தூரில் இருந்தாலும் நிகாஹ் பூந்தமல்லி மண்டபத்தில் நடந்திருந்தால் பூந்தமல்லி அலுவலகத்தை அணுகலாம்.

இந்தச் சான்றிதழில் மணப்பெண்ணின் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ‘முஹம்மது’ என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாம் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். ‘பாத்திமா’வில் ‘டி’க்குப் பின் ‘எச்’ போடுவோரும் உண்டு, விடுவோரும் உண்டு. நிகாஹ் சபையில் இமாம் தஃப்தரை எழுதும்போதே மணமக்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலையும் அவர் முன்னால் வைத்துவிடுங்கள். தஃப்தரில் ஒரு எழுத்து பிசகினால் அது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து விசா விண்ணப்பத்துக்கும் போகும்.

மாப்பிள்ளையின் பெயரும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும், ஆதாரில் இனிஷியலோடும் இருந்தால் நிகாஹுக்கு முன்பே சரிசெய்து கொள்ளுங்கள். பெண் நாளைக்குத் தன் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க நினைத்தால், எந்தப் பெயரைச் சேர்ப்பது என்ற குழப்பம் வராமல் இருக்கும்.

இரண்டாம் படி: விசாவும் குடியிருப்பு அனுமதியும்

இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு ‘எக்ஸ்’ பிரிவு நுழைவு விசா உண்டு. வேறு விசாவில் வந்து இங்கே நிகாஹ் செய்தவரும் அதை நுழைவு விசாவாக மாற்ற விண்ணப்பிக்கலாம். பதிவு செய்த திருமணச் சான்றிதழ் அதற்கு அடிப்படை. கணவர் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும். தம்பதியர் சேர்ந்து வாழ்கிறார்களா என்ற விசாரணையும் இருக்கும்.

2018 முதல் இவ்வேலைகள் பெரும்பாலும் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தின் வழியாகவே நடக்கின்றன. விசா மாற்றம், நீட்டிப்பு, முகவரி மாற்றம், பாஸ்போர்ட் விவர மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம் இருக்கிறது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் வந்த 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டாருக்கும் தகவல் தெரிவிக்கும் கடமை உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துவிட்டது. "எங்க பெரியம்மா வந்தப்போ இதெல்லாம் கேட்கலையே" என்ற பழைய அனுபவத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெயர் மாற்றம் இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பெயர் மாற்றத்துக்காக பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டால், நீட்டிப்பு விண்ணப்பத்தில் எந்த பாஸ்போர்ட்டைக் காட்டுவது? அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பாஸ்போர்ட்டில் இப்போதுள்ள பெயரிலேயே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்.
2. அதே பெயரிலேயே நுழைவு விசாவை வாங்குங்கள்.
3. விசாவில் போதிய காலம் கையிலிருக்கும்போது, தேவையென்றால் மட்டும், பெண்ணின் நாட்டு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றுங்கள்.
4. புதிய பாஸ்போர்ட் வந்தவுடன் இ-எஃப்ஆர்ஆர்ஓவில் பாஸ்போர்ட் விவர மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.
5. அது முடிந்த பிறகே ஆதார், பான், வங்கிக் கணக்கு.

கடைசியில் செய்ய வேண்டிய ஐந்தாவது வேலையைத்தான் பலர் முதலில் செய்கிறார்கள். பெரும்பாலான சிக்கல் அங்கே முளைக்கிறது.

குழந்தைக்கு என்ன சம்பந்தம்?

2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பின் இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெற இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். மற்றவர், குழந்தை பிறக்கும் நேரத்தில், சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. முறையான பாஸ்போர்ட்டில் வந்தவராக இருந்தாலும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரையும் குடியுரிமைச் சட்டம் அந்த வரையறைக்குள்தான் வைக்கிறது. பெயர்க் குழப்பத்தால் நீட்டிப்பு தாமதமாகி, விசா இல்லாத இடைவெளியில் பிரசவம் நடந்தால் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது அந்த இடைவெளி கேள்வியாக நிற்கும். கருவுற்றிருக்கும் மருமகள் வீட்டில் இருந்தால் அவருடைய விசா முடியும் தேதியைக் குடும்பத்தில் இரண்டு பேராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழிலும் தாயின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மருத்துவமனையில் அட்டை போடும்போது வீட்டில் கூப்பிடும் பெயரையோ இனிஷியலையோ சொல்லிவிட்டால் அதுதான் பிறப்புப் பதிவுக்கும் போகிறது.

ஓசிஐ, குடியுரிமை, ஆதார்

பதிவு செய்த திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால் வெளிநாட்டு மனைவி ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்காளதேசக் குடியுரிமைப் பின்னணி உள்ளவர்களுக்கு இது கிடையாது. மனைவி என்ற தகுதியில் ஓசிஐ பெற்றவர் ஒவ்வொரு முறை புதிய பாஸ்போர்ட் வாங்கும்போதும் அதன் நகலையும் புகைப்படத்தையும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். பெயர் மாறியிருந்தால் அட்டையில் விவரம் திருத்துவதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமையே வேண்டும் என்றால், விண்ணப்பிப்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அந்த ஏழு ஆண்டுக்கான ஒவ்வொரு விசா, அனுமதிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இடையில் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் ஆவணம் அந்தக் கோப்பில் அவசியம்.

கடந்த 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே தங்கிய வெளிநாட்டவர் ஆதார் பெறலாம். அது விசா காலத்தோடு முடிந்துவிடும். ஓசிஐ அட்டை இருந்தால் 10 ஆண்டு செல்லும். ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல. வாக்காளர் பட்டியலில் "மருமகள் பேரையும் சேர்த்துவிடுவோம்" என்று ஆர்வத்தில் படிவம் எழுதிவிடாதீர்கள். குடிமகள் அல்லாதவருக்காகப் பொய் உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றம். பின்னாளில் அவருடைய விசாவையும் குடியுரிமை விண்ணப்பத்தையும் அது பாதிக்கும்.

நம் பகுதிக்கே உரிய முகவரிக் குழப்பம்

பெயரைச் சரியாக எழுதியவர்களும் முகவரியில் தடுமாறுகிறார்கள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர் வட்டம் 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. போலீஸைப் பொறுத்தவரை 2022 ஜனவரி 1 முதல் ஆவடி மாநகர காவல் ஆணையரகம் தனியாக இயங்குகிறது. அம்பத்தூர் சென்னை மாவட்டம் என்றாலும் அதன் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது.

மாமனார் பெயரிலுள்ள பழைய வீட்டுப் பத்திரத்தில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்றும், மகனின் ஆதாரில் ‘சென்னை மாவட்டம்’ என்றும் இருப்பது அம்பத்தூரில் சகஜம். இ-எஃப்ஆர்ஆர்ஓ விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தையும், வீடு இருக்கும் காவல் நிலையத்தையும் சரியாகக் குறிப்பிடுங்கள். கள விசாரணைக் கடிதம் தவறான நிலையத்துக்குப் போனால் அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கும். வாடகை வீடு மாறினாலும் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க மறக்காதீர்கள்.

இங்கிருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு

வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் நம் பெண்களுக்கும் இதே விதிதான்: அங்கே தரும் குடியிருப்பு அட்டை இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்தே அச்சாகும்.

ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருவோரைச் சில விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில், சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் சொந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகும். பாத்திமா என்ற பெண் அங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ‘எஃப்என்யு’ என்று அழைக்கப்படுவார்.

இதற்கு எளிய வழி, சர்நேம் கட்டத்தில் தந்தை பெயரை வைப்பது. மார்க்கத்துக்கும் பொருந்தும், திருமணத்தால் மாறவும் மாறாது. பெயரை மாற்றாமலே பாஸ்போர்ட்டில் ‘கணவர் பெயர்’ என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயரைச் சேர்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருமண உறவைக் காட்ட அந்த வரியும் திருமணச் சான்றிதழும் பெரும்பாலும் போதும். எந்த மாற்றமானாலும் பாஸ்போர்ட் மறுவெளியீட்டு விண்ணப்பம்தான். நம் பகுதியினருக்கு அமைந்தகரை, சாலிகிராமம் சேவை மையங்கள் பக்கம். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் இதை முடியுங்கள். விசா வந்த பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றினால் விமான டிக்கெட்டும் விசாவும் இரண்டு பெயரில் நிற்கும்.

மாற்றிய பெயரைத் திரும்ப மாற்றுவது

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. எல்லாத் திருமணங்களும் நிலைப்பதில்லை. கணவர் பெயரைச் சேர்த்த பெண் தலாக், குலா அல்லது மரணத்தால் தனித்துவிட்டால், பழைய பெயருக்குத் திரும்ப மீண்டும் முதலிலிருந்து எல்லா அலுவலகங்களுக்கும் ஏறி இறங்க வேண்டும். மத்திய அரசிதழ் வழியாகப் பழைய பெயருக்குத் திரும்ப, விவாகரத்து ஆணையையோ கணவரின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையோ கேட்கும் விதியை எதிர்த்து 2024இல் ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது.

வெளிநாட்டு மருமகளின் நிலை இன்னும் கடினம். மனைவி என்ற தகுதியில் பெற்ற ஓசிஐ அட்டையைத் திருமணம் முறிந்தால் ரத்து செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த நேரத்தில் அவருடைய பாஸ்போர்ட்டாவது தந்தை வீட்டுப் பெயரில் இருந்தால் சுமையில் ஒரு பங்கு குறையும். தன் பெயரைப் பற்றிய முடிவை அந்தப் பெண்ணிடம் கேட்டு எடுப்பதுதான் நியாயம். மாமியார் வீட்டார் ஆசைக்காக அவசரப்பட்டு மாற்றிவிட்டு, பின்னால் அவரைத் தனியாக அலையவிடுவது நமக்கு அழகல்ல.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

மஹல்லா நிர்வாகிகள் நினைத்தால் இந்தச் சிக்கல்களில் பாதியை நிகாஹ் நாளிலேயே தடுத்துவிடலாம். நிகாஹ் விண்ணப்பப் படிவத்தில் ‘பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால், அவர் மணம் முடிக்கத் தடையில்லை என்ற அவர் நாட்டுச் சான்றைக் கேட்டு வாங்கி வைக்கலாம். 90 நாள் கெடுவை நிகாஹ் முடிந்ததும் குடும்பத்தாரிடம் சொல்லி அனுப்பலாம். தஃப்தர் நகலை ஆங்கிலத்திலும் தர ஏற்பாடு செய்யலாம். ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, மஹல்லாவில் கணினி தெரிந்த இளைஞர்கள் இருவர் இணைய விண்ணப்பத்தில் உதவினாலே பெரிய நன்மை.

வீட்டில் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் உள்ள எல்லோரின் பாஸ்போர்ட், ஆதார், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் அனைத்தையும் ஒரே மேசையில் விரித்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அதைக் குறித்து வைத்து, அவசரம் எதுவும் இல்லாத இந்த நேரத்திலேயே ஒவ்வொன்றாகத் திருத்தி முடியுங்கள். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உரிய அரசு இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்லறத்தில் பரக்கத் செய்வானாக.